பதிமூணாம் நாள் பொரிப்பு

இப்படி நகந்து உக்காருங்க தம்பி. அந்த ஓரத்துல இன்னும் கால் மணி நேரத்துல வெயில் வந்துரும். கரட்டுக்கோயில் தாண்டுனதும் ரோடு திரும்புது பாருங்க, அப்ப வெயிலும் இந்தப் பக்கம் திரும்பிக்கும். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பரா இருந்தவனுங்க நானு. பஸ் ஸ்டாண்டுல கம்பி போட்ட ரூமுக்குள்ள ஒருத்தன் உக்காந்திருப்பான், கண்டக்டர் நீட்டற சீட்டுல வண்டி வந்த நேரம் கெளம்பற நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பான், பாத்திருப்பீங்க. அந்த ஆளு. திருமூர்த்தின்னு சொன்னா இந்த ரூட்டுல பழைய டிரைவருக எல்லாத்துக்கும் தெரியும். பேரக் கேட்டாலே வண்டி நேரத்துக்குக் கெளம்பிரும்னு சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல.

இந்த வண்டி எட்டு நிமிஷம் லேட்டு. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.

உடுமலைக்குத்தான் போறேன். எங்க கொழுந்தியா வீடு அங்க இருக்குது. சம்சாரத்துக்குத் தங்கச்சி. சம்சாரம் அங்கதான் இருக்கறா, மயிலாத்தான்னு பேரு. இருவத்திரண்டு நாளாச்சு. சண்டையா? சண்டையெல்லாம் இல்லைங்க. எங்களுக்குள்ள சண்டையே வராது, ஏன்னா அவ திருப்பிப் பேச மாட்டா. இது ஒரு கோழி சமாச்சாரம்.

போகும்போது வாசப்படியில நின்னுக்கிட்டு ஒண்ணு சொன்னா. "அன்னைக்கு நாலு பேரு முன்னால பேசுனீங்கல்ல, அதே மாதிரி நாலு பேரு முன்னால அந்தக் குஞ்சுக யாரு பொரிச்சதுன்னு சொல்லுங்க. எந்த நாலு பேரா இருந்தாலும் சரி. சொல்லிட்டுக் கூப்புடுங்க, வர்றேன்" அப்படின்னா. அவ்வளவுதான். பையத் தூக்கிட்டு ஒன்பது இருவது வண்டியில ஏறிட்டா.

யாரு பொரிச்சது? நான் பொரிச்சது. இதுல நாலு பேரக் கூட்டி வெச்சுச் சொல்றதுக்கு என்ன இருக்குது? நீங்களே முழுசாக் கேட்டுட்டு நாயம் சொல்லுங்க. உடுமலை போக இன்னும் அம்பது நிமிஷம் இருக்குது.

ஜனவரிக் கடைசியில எனக்கு ரிட்டயர்டு ஆச்சு. மாலை போட்டு, ஒரு செவுத்துக் கடிகாரம் குடுத்து அனுப்பி வெச்சாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா, தம்பி, அங்க நேரம்னு ஒண்ணே கெடையாது. பசிச்சாச் சோறு, விடிஞ்சாக் காப்பி. பால்காரன் வந்தாப் பால் வந்த நேரம். நான் இத்தனை வருஷம் ஷிப்ட்டுல இருந்ததால வீட்டக் கவனிக்கல. மறு நாளே ஒரு அட்டையில அட்டவணை எழுதி அடுப்படியில ஒட்டுனேன். காப்பி ஆறு அஞ்சு. பலகாரம் எட்டு இருவது. மதியம் பன்னெண்டே முக்கால். ஒண்ணரையில இருந்து ரெண்டே கால் வரைக்கும் படுக்கை. மயிலாத்தா அதப் பாத்தா. ஒரு வாரம் அதே மாதிரி செஞ்சா. புடிச்சிருந்துச்சுன்னுதான் நெனச்சேன்.

எனக்குப் பகல்ல என்ன பண்றதுன்னு தெரியல. எங்க ஊர் ஸ்டாப்புல போயி ஒரு நோட்ட வெச்சுக்கிட்டு உக்காந்துக்குவேன். வர்ற வண்டிக்கெல்லாம் நேரம் எழுதுவேன். யாரும் கேக்கல, நானா எழுதுனேன். கண்டக்டர் பசங்க தலைய அக்கட்ட திருப்பிக்கிட்டுச் சிரிப்பானுக. சிரிக்கட்டும், எனக்கென்ன. ஒரு நாளு மயிலாத்தா ரோட்டு வரைக்கும் நடந்து வந்தா. அவ அப்படியெல்லாம் வர்ற ஆளே கெடையாது. வந்து, "ஏனுங்க, கருங்கோழி அடைக்குப் படுத்திருச்சு. எனக்கு ஒண்ணும் ஓடல, நீங்க சித்த வந்து பாருங்க" அப்படின்னா.

முப்பது வருஷமாக் கோழி வளக்கறவ அவ. அவளுக்கே ஓடல. என்னையத் தேடி ரோட்டுக்கு வந்துட்டா, பாத்துக்குங்க. நோட்ட மூடி வெச்சுட்டுப் போனேன்.

பொடக்காளியில, புழக்கடைத் தாவாரத்து மூலையில, பழைய கூடை ஒண்ணுக்குள்ள அந்தக் கோழி ரெக்கைய விரிச்சுப் படுத்துக்கிட்டுக் கொர்ருங்குது. கைய நீட்டுனாக் கொத்த வருது. சரி, எத்தனை நாளாகும்னு கேட்டேன். "மூணு சந்தை போகோணும்"னா. எங்க ஊருக்குப் பக்கத்துல புதங்கிழமை சந்தை. அன்னைக்குப் புதன். இன்னைக்கு வெச்சா மூணாவது சந்தையன்னைக்குப் பொரிக்குமாம். கணக்கப் பாருங்க! தேதி கெடையாது, மணி கெடையாது. மூணு சந்தை! ஒரு வண்டி எப்ப வரும்னு கேட்டா, வெங்காயக்காரன் மூணு வாட்டி வந்ததுக்கு அப்பறம் வரும்னு சொன்ன மாதிரி இருந்துச்சு எனக்கு.

அங்கதாங்க நான் இந்தப் பொறுப்ப எடுத்துக்கிட்டேன்.

அவ கூடையில மணலப் பரப்பி, மேல வைக்கோலப் போட்டு, ஒரு இரும்பு ஆணியும் ரெண்டு வரமொளகாயும் ஓரத்துல சொருகி, ஒன்பது முட்டைய எடுத்து வெச்சா. இடி இடிச்சா முட்டை கெட்டுருமாம், அதுக்கு ஆணி. நான் ஒன்பதையும் திருப்பி எடுத்து, ஒவ்வொண்ணுலயும் பேனாவுல நெம்பர் போட்டேன். ஒண்ணுல இருந்து ஒன்பது வரைக்கும். வெச்ச நேரம் காலை பத்தரை, அதையும் நோட்டுல எழுதுனேன். "ரொம்பத் தொடாதீங்க, கை சூடு பட்டாக் கோழிக்குப் புடிக்காது"ன்னா. புடிக்கறது புடிக்காததெல்லாம் பாத்தா நிர்வாகம் பண்ண முடியுமா?

அப்பறம் தினமும் வேலை. முட்டையத் திருப்பி விடோணும்னு செல்போன்ல ஒருத்தன் சொல்றான். கோழியே திருப்பிக்கும்னு இவ சொன்னா. கோழி எத்தனை மணிக்குத் திருப்புச்சுன்னு யாருகிட்டக் கேக்கறது? அதனால நானே காலையில ஆறரை, மதியம் பன்னெண்டு, சாயங்காலம் அஞ்சே முக்கால், மூணு வாட்டியும் திருப்புனேன். சாயங்காலமானா ஒவ்வொரு முட்டையா எடுத்துட்டுப் போயி சாமான் ரூம்புக்குள்ள கதவச் சாத்தி, டார்ச் லைட்டு மேல வெச்சுப் பாப்பேன். நாலாம் நாளு அஞ்சாம் நெம்பர்ல நரம்பு நரம்பாச் செவப்புத் தெரிஞ்சுதுங்க. சிலந்தி வலை மாதிரி. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல, அத்தனை சந்தோஷம். மயிலாத்தாளக் கூப்பிட்டுக் காட்டுனேன். அவளும் பாத்துச் சிரிச்சா. "இனிமே எடுக்காதீங்க, போதும்"னா.

கோழி தீனி திங்க எந்திரிக்குமில்லீங்க, தினமும் ஒரு வாட்டி. அதுக்குப் பதினஞ்சு நிமிஷம்னு வெச்சேன். பதினாறாவது நிமிஷம் விசில் அடிச்சேன். இல்லைங்க, சிரிக்காதீங்க, கோழி பழகிக்கும். ரெண்டு நாளு விசிலுக்கு ஓடிப் போயிப் படுத்துச்சு. பயந்துக்கிட்டுப் போச்சுன்னு அவ சொல்றா. எதுக்காகப் போனா என்ன, நேரத்துக்குப் போச்சில்ல?

ஏழாம் நாளு அது எந்திரிச்சு வெளிய போச்சு. விசில் அடிச்சேன். திரும்பிப் பாத்துட்டு வேலியத் தாண்டிப் போயிருச்சு. எங்க பக்கத்து வீட்டு ருக்மணியோட குப்பைமேட்டுல போயி நின்னுக்கிச்சு. புடிச்சுக் கொண்டாந்து உள்ள வெச்சேன், கொத்திட்டு மறுபடியும் ஓடிப்போச்சு. அன்னைக்குப் பூராவும் வரல, ராத்திரியும் வரல. ஸ்ட்ரைக்கு! ஒரு கோழி! நான் முட்டைக மேல நாப்பது வாட்ஸ் பல்பத் தொங்கவிட்டேன். அதுக்கு ஏத்த மாதிரி கரண்டு போயிருச்சு. நான் என்ன பண்ணட்டும், அதெல்லாம் என் கண்ட்ரோல்ல இல்ல.

மறுநாள் மத்தியானம் மயிலாத்தாதான் கோழிய எப்படியோ தாஜா பண்ணிக் கொண்டாந்து படுக்க வெச்சு, தாவாரத்த மறைச்சு சாக்கக் கட்டுனா. அதுக்கு முன்னாடி முட்டைக ஒவ்வொண்ணையும் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்தா. ஆட்டிட்டு என்னையப் பாத்தா. "எப்படி இருக்குது?"ன்னு கேட்டேன். "நல்லாத்தான் இருக்குது. நீங்க இனி சாக்கத் தெறக்காம இருங்க" அப்படின்னா. இருந்தேன். டார்ச்சும் அடிக்கல, திருப்பவும் இல்ல. அவ பேச்சக் கேக்கற ஆளுதான் நானு.

நீங்க என்ன பண்றீங்க தம்பி? மருந்து கம்பெனியா. அதான் பையி இத்தனை கனமா இருக்குது. இங்க காலுக்குக் கீழ தள்ளி வெச்சுக்குங்க.

இதுக்கு நடுவுல நான் டீக்கடை போர்டுல எழுதி வெச்சிருந்தேன். பொரிப்பு, புதங்கிழமை, காலை பத்தரை. டிப்போவுல கூட வேலை பாத்தவங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். வந்து பாருங்கடா, மணி பத்தரைக்கு ஓடு வெடிக்குதா இல்லையான்னு பாருங்கடான்னு. ஊரே பேசுச்சு. பஸ் ஸ்டாப்புல சிரிச்ச பசங்க கூட, "என்னங்க சார், கோழி எந்த ஸ்டேஜ்ல இருக்குது?"ன்னு வண்டிய நிறுத்திக் கேப்பானுக. மயிலாத்தா, "எதுக்குங்க இத்தனை பேருகிட்டச் சொல்றீங்க, பொரிக்கறது நம்ம கையிலயா இருக்குது?"ன்னா. அவளுக்கு நம்பிக்கை பத்தாது.

கேளுங்க இப்ப. பதிமூணாம் நாளு, செவ்வாக்கெழமை, மத்தியானம் படுத்து எந்திரிச்சு ரெண்டே காலுக்குப் பொடக்காளிக்குப் போறேன். கீச்சு கீச்சுன்னு சத்தம். சாக்க வெலக்குனா, குஞ்சு! ஒன்பதும் பொரிச்சிருக்குது! பதிமூணே நாள்ல! முப்பத்திரண்டு வருஷத்துல வண்டி லேட்டா வந்து பாத்திருக்கேன், நேரத்துக்கு வந்து பாத்திருக்கேன், எட்டு நாளு முன்னாடி வந்து பாத்ததே இல்லைங்க. எல்லாம் அந்த அட்டவணை. முறையாத் திருப்புனது, முறையாச் சூடு குடுத்தது. கோழிக்கு விட்டிருந்தா அது பாட்டுக்கு மூணு சந்தை இழுத்திருக்கும்.

என்னம்மா? முன் சீட்டுல திரும்பித் திரும்பிப் பாக்கறீங்களே, நீங்களும் கோழி வளக்கறீங்களா? சரி. பக்கத்துல நாத்தனாருங்களா? சரி சரி. நல்லாக் கேளுங்க, ரகசியம் ஒண்ணுமில்ல.

உடனே எல்லாத்துக்கும் போனப் போட்டேன். நாலு மணிக்கு நாலு பேரு வந்தாங்க. ரிட்டயர்டு டிரைவர் ஒருத்தரு, கேஷியரு, டீக்கடைக்காரரு, எங்க ஊரு போஸ்ட்மேன். கூடையச் சுத்தி நின்னு பாத்தாங்க. அந்த டிரைவரு வாய் சும்மா இருக்காது அவருக்கு. "ஏனப்பா, முட்டையில நெம்பர் போட்டேன்னு சொன்ன, ஓட்டுல ஒரு நெம்பரையும் காணமே?"ன்னு கேட்டாரு. கோழி சூட்டுல மை அழிஞ்சிருக்கும்னு சொன்னேன். அழியாதுங்களா பின்ன? அப்பறம் ஒரு குஞ்சுக்குக் கழுத்துல மயிரே இல்ல, மொட்டைக் கழுத்து. எங்க வீட்டுல அந்த ஜாதிச் சேவல் கெடையாது. ருக்மணி வீட்டுலதான் அந்த மாதிரி ஒண்ணு இருக்குது. அதையும் அவரு கேட்டாரு. பல்பு சூடு ஒரு பக்கமா அடிச்சிருச்சுன்னேன். கேள்வி கேக்கோணும்னே பொறந்த ஆளுக சில பேரு.

அப்பத்தான் நான் நாலு வார்த்தை பேசுனேன். என்ன பேசுனேன்? உள்ளதத்தான் பேசுனேன். "எங்க வீட்டம்மா முப்பது வருஷமாக் கோழி வளக்கறா, இருவத்தியொரு நாளுக்குக் கொறஞ்சு ஒரு குஞ்சு எடுத்ததில்ல. நான் பதிமூணு நாள்ல எடுத்துட்டேன். அவளுக்குக் கோழி தெரியும், நேரம் தெரியாது. இனிமேக் கோழிய நான் பாத்துக்கறேன், அவ அடுப்பப் பாத்துக்கட்டும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மயிலாத்தா காப்பித் தட்டோட நின்னுக்கிட்டிருந்தா. கையில எல்லாம் கொத்துக் காயம், துணியச் சுத்தியிருந்தா. காப்பி குடுத்துட்டு உள்ள போயிட்டா.

சாயங்காலம் கூட்டுல கோழிய அடைக்கும்போது எண்ணிப் பாத்தா ஒண்ணு கொறையுது. சாம்பக் கோழி. நல்ல முட்டைக் கோழிங்க அது, அவளுக்கு உசுரு. "எங்கடி சாம்பக் கோழி?"ன்னேன். "காணம்"னா. கீரி புடிச்சிருக்கும்னு நெனச்சு நல்லாச் சத்தம் போட்டேன். ஒரு கோழியக் கூடப் பாத்துக்கத் துப்பில்ல, குஞ்சு பொரிக்க மட்டும் மூணு சந்தை வேணுமான்னு கேட்டேன். மறுநாளு பாத்தா அதே மாதிரி ஒரு சாம்பக் கோழி ருக்மணி வாசல்ல மேயுது. ஒரே மாதிரிக் கோழிக எத்தனையோ இருக்குமில்லீங்க.

அந்த மறுநாளுதான் இவ பையத் தூக்குனது. பொறாமைங்க. வேற என்ன?

ஒரு வாரம் பாத்தேன், வரல. சரி, இருவத்தியோராம் நாளு வந்துருவான்னு நெனச்சேன். அதுவும் நேத்தோட முடிஞ்சுது. அட்டவணை அடுப்படியில அப்படியே இருக்குது, தம்பி, காப்பி ஆறு அஞ்சுன்னு. போடறதுக்கு ஆளில்ல. நான் போட்டா பால் பொங்கி ஊத்துது. அந்தக் கடிகாரம் வேற, ஆளில்லாத வீட்டுல என்னா சத்தம் போடுதுங்க. ஒன்பது குஞ்சுல ரெண்ட பருந்து தூக்கிட்டுப் போயிருச்சு, ஏழுதான் இருக்குது. இன்னைக்குக் கெளம்பும்போது ருக்மணிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். "விட்டுட்டுப் போங்கண்ணா, எங்க வீட்டுக் குஞ்சுதானே"ன்னு சொல்லுது அந்தப் புள்ள. பக்கத்து வீட்டுக்காரங்க பாசம்.

என்ன தம்பி, சிரிக்கறீங்க?

இல்ல, சொல்லுங்க. மனசுல பட்டதச் சொல்லுங்க. உங்க முன் சீட்டம்மாவும் சிரிக்கறாங்க. கண்டக்டரு கூட டிக்கெட்டக் கிழிக்காம நின்னுக்கிட்டிருக்கறாரு. ஏய்யா, உனக்கு வேலையில்லையா?

என்னம்மா சொன்னீங்க? "பதிமூணு நாள்ல முட்டைக்குள்ள கண்ணு கூட முழுசா ஆயிருக்காது"ங்களா. "ஒரு ராத்திரி பூராவும் ஆறிப்போன முட்டை அத்தனையும் கூமுட்டைதான்"ங்களா. ஓகோ.

சரி.

தம்பி, நான் ஒரு விஷயம் சொல்றேன். டிப்போவுல ஒரு வண்டி நடு ரோட்டுல படுத்திருச்சுன்னா, வேற வண்டி அனுப்புவோம். ஸ்பேர் வண்டி. அதே ரூட்டு போர்டத் தூக்கி அதுல மாட்டிருவோம். ஏறற சனத்துக்குத் தெரியாது. நேரா ஏறி உக்காந்துக்கும். ஆனா கம்பி ரூமுக்குள்ள உக்காந்திருக்கறவனுக்குத் தெரியும். வண்டி நெம்பரப் பாத்தாத் தெரிஞ்சிருமில்ல?

எனக்குத் தெரியுங்க.

அன்னைக்கு ஒண்ணரைக்குப் படுத்தேன், தூக்கம் வரல. பொடக்காளிப் பக்கம் ஜன்னல் தெறந்திருந்துச்சு. ரெண்டு மணிக்கு வேலி படல் சத்தம். பாத்தா, மயிலாத்தா வர்றா. சேலை மடிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, பூனை மாதிரி நடந்து வர்றா. மடிக்குள்ள கீச்சு கீச்சுங்குது. ருக்மணி கோழி எங்க கோழிக்கு எட்டு நாளு முன்னாடியே அடைக்குப் படுத்தது. அன்னைக்கு அதுக்கு இருவத்தியொரு நாளு. இவ சாக்க வெலக்கி, கருங்கோழிக்கு அடியில கைய விட்டு என் முட்டைய ஒவ்வொண்ணா எடுத்தா. அது கொத்துது, கொத்துது, சத்தம் போடாம பல்லக் கடிச்சுக்கறா. ஒவ்வொரு முட்டை எடுத்ததும் ஒரு குஞ்ச உள்ள விட்டா. ஒன்பது எடுத்தா, ஒன்பது விட்டா. அங்க இருந்து ஓடு கூட எடுத்துட்டு வந்திருந்தா, அதயும் கூடைக்குள்ள போட்டா. என் முட்டைக ஒன்பதையும் வாழைமரத்தடியில குழி தோண்டிப் பொதச்சா. அப்பறம் கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு, எங்கிட்ட ஒரு எட்டு வந்து எட்டிப் பாத்தா, தூங்கறனான்னு. நான் கண்ண மூடிக்கிட்டேன்.

சாம்பக் கோழி? அதக் குடுத்துத்தாங்க அந்த ஒன்பதையும் வாங்கிட்டு வந்தது. தெரியும். அப்பறம் எதுக்குச் சத்தம் போட்டேன்னு கேக்கறீங்க. அது எப்படிங்க சொல்றது. தெரியாத மாதிரி நடிக்க ஆரம்பிச்சா முழுசா நடிக்கோணுமில்ல.

ரெண்டே காலுக்கு எந்திரிச்சேன். சரியா ரெண்டே காலுக்கு. வெளிய போயி, பொரிச்சிருச்சு மயிலு, பொரிச்சிருச்சுன்னு கத்துனேன். அவ அடுப்படியில இருந்து ஓடி வந்தா, ஒண்ணுமே தெரியாதவ மாதிரி. அவ மொகத்துல ஒரு சந்தோஷம் பாருங்க. என்னைய ஏமாத்திப்புட்டோம்ங்கற சந்தோஷம் இல்லைங்க அது. எனக்குப் பொரிச்சிருச்சுங்கற சந்தோஷம். அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, அவ பாவம், மனுசன் நாலு பேருகிட்டத் தலை குனியக் கூடாதுன்னு பண்றா, அத ஏன் கெடுக்கோணும்னு விட்டுட்டேன். அதோட விட்டிருந்தாப் பரவால்ல. நாலு பேரு வந்து நின்னு பாராட்டுனதும் நாக்கு நிக்கல. மூணு மாசமா யாரும் என்னையப் பாத்து ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லல, தம்பி.

எட்டு நாளு பொறுத்துக் கொண்டாந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது, அதும் ஒரு குத்தந்தான் அவ மேல. என்னம்மா? "பொறந்த குஞ்ச அன்னைக்கே விட்டாத்தான் கோழி சேத்துக்கும்"ங்களா. அதுவும் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அவளும் ஒண்ணு கண்டுபுடிச்சிருந்தாங்க. அத உங்ககிட்டச் சொல்லாம விட்டேன். சாம்பக் கோழிக்கு நான் சத்தம் போட்டு முடிச்சதும் ரொம்ப மெதுவாச் சொன்னா. "அந்தக் கோழி எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? ரெண்டே கால் வரைக்கும் தூங்கறவரு, ரெண்டு மணிக்குக் கயித்துக் கட்டில்ல பொரண்டு படுத்தீங்க. கயித்துச் சத்தம் எனக்குக் கேட்டுது." அவ்வளவுதான் சொன்னா. எனக்கு வெக்கமாப் போச்சு. வெக்கத்துல இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டேன்.

மனசு கேக்கலைங்க. இதுக்கு முன்னாடியும் ரெண்டு வாட்டி இந்த வண்டியில உடுமலை வரைக்கும் போயிட்டேன். எறங்கி ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் நிப்பேன். திரும்பற வண்டி ரெடியா நிக்கும், ஏறி வந்துருவேன். நாலு பேரக் கூட்டிச் சொல்றதுன்னா யாரக் கூட்டறது? அந்த டிரைவரையா? ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாரு.

என்னம்மா? நாலு பேரு ஆச்சுங்களா? எங்க? நீங்க. உங்க நாத்தனாரு. இந்தத் தம்பி. கண்டக்டரு. ஆமா, நாலுதான். அட. அவதான் எந்த நாலு பேரா இருந்தாலும் சரின்னு சொன்னாளே. அப்ப நான் சொல்லிட்டேன்னு அர்த்தமா? நீங்க எல்லாம் சாட்சி. கண்டக்டர் தம்பி, ஒரு சீட்டுல எழுதி, நேரத்தப் போட்டு நாலு பேரும் ஒரு கையெழுத்து...

"அந்தம்மா காதுல கேக்க வேண்டாமா?"ங்கறீங்க. இப்பவேவா? இன்னும் பாஞ்சு நிமிஷத்துல நேருலயே பாக்கப் போறனே. இல்ல, நீங்க சொல்றதும் சரிதான். ஸ்டாண்டுல எறங்குனா மறுபடியும் காலு திரும்பற வண்டிக்குத்தான் போகும். தம்பி, நீங்க வேணும்னா எனக்குப் பதிலா... சரி சரி, வேண்டாம், நானே பேசறேன். நெம்பரு இதுல மொதல்ல இருக்குது பாருங்க, அமுக்கிக் குடுங்க.

ரிங்கு போகுது.

அலோ. நாந்தான்... பஸ்ஸுல இருந்து... இல்ல, இல்ல, ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன்... தின்னேன், தின்னேன்... ஏழு இருக்குது. ரெண்ட பருந்து எடுத்துருச்சு... ருக்மணிகிட்ட... மொட்டைக் கழுத்தா? அது இருக்குது, அதான் நல்லா வளந்திருக்குது... மயிலு, நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, அந்தக் குஞ்சுக... அதான், நீ அன்னைக்குச் சொல்லிட்டுப் போனது... ஆமா... ஆமா, நீதான்... கேக்கலையா?... சத்தமாவா?... மெதுவாச் சொன்னாலும் சொன்னதுதானே... இல்ல மயிலு, எப்படிச் சத்தமாச் சொல்றது, பஸ்ஸுல ஆளுக இருக்கறாங்க.